ஈரத்துணி

மூக்கில் விட்டது தும்பைச் சாறா, நொச்சிச் சாறா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. இரண்டில் எது என்று வாடையே சொல்லியிருக்கும். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

இலவச டிவி வந்த வருஷம், ஆவணி மாதம் என்பது மட்டும் சரியாக இருக்கும்.

சாத்தூர் தாண்டி ஒரு ஊர். ஞானபூரணி டீச்சர் வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் பெஞ்சுகள் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் டீச்சர், மூக்கடைத்து வாடையே தெரியாமல் போகிற பீனிசத்துக்கு மருந்து விடுவார். வெறும் வயிற்றோடு போக வேண்டும். மல்லாந்து படுத்து, தலையைப் பெஞ்சுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். சாறு கண்ணில் இறங்கி எரியாமலிருக்க, கண்மேல் ஒரு ஈரத்துணி.

என் வீட்டுக்காரர் முனியராஜ் அப்படித்தான் படுத்திருந்தார்.

அதற்கு முன்பே எல்லாம் பார்த்தாகிவிட்டது. மஞ்சளைச் சுட்டுப் புகை பிடித்தார். நொச்சி போட்டு ஆவி பிடித்தார். சுக்குப் பற்றுப் போட்டு நெற்றித் தோல் வெந்துபோனது. உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுக்க யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். இருமி இருமிக் கண் சிவந்ததுதான் மிச்சம்.

சிவகாசி டாக்டர் ஆபரேஷன் என்றார். அதற்கு லீவு வேண்டும். லீவு கேட்டால் கம்பெனியில் காரணம் சொல்ல வேண்டும்.

வலியைவிட அவருக்கு அதுதான் பயம்.

பட்டாசுக் கம்பெனியில் அவர் மருந்து கலக்குகிறவர். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேர்தான் இருக்கலாம். அலுமினியப் பவுடர் கலந்ததில் ஈரம் பட்டுவிட்டால் கலவை தானாகச் சூடேறும். பற்றிக்கொள்வதற்கு முன்னால் மூத்திர வாடை மாதிரி ஒரு நெடி கிளம்பும். கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் கொட்டியது கூட அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

நான் அழும்போதெல்லாம் ஒரே பதில் சொல்வார். கூட இருக்கிற பெண்ணுக்கு நல்ல மூக்கு, அது போதும் என்பார்.

பக்கத்துப் பெஞ்சில், அவர் கால்மாட்டுப் பக்கம், ஒரு பெண் தன் முறைக்குக் காத்திருந்தாள். என் வயதுதான். நகக்கண்களில் வெள்ளி நிறம் ஏறியிருந்தது. நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். வீட்டில் சோறு அடிப்பிடித்தாலும் அவளுக்குத் தெரியாதாம். மாமியாரைப் பட்டினி போடத்தான் கருக்குகிறாள் என்று தெருவெல்லாம் பேச்சாம். கருவாடும் மல்லிகைப்பூவும் தனக்கு ஒன்றுதான் என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என்ன வேலை என்று கேட்டேன். குரலை இறக்கிக்கொண்டு, மருந்து கலக்குகிற வேலை என்றாள். கம்பெனியில் யாருக்கும் தெரியக் கூடாது, அதனால்தான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னாள்.

பயமாக இல்லையா என்றேன்.

"எனக்கென்னக்கா பயம்? பக்கத்துல முனியராஜ் அண்ணாச்சி இருக்காக. அவுக மூக்கு ரெண்டு பேருக்கும் சேத்து மோந்துக்கிரும்."

நான் அவரைப் பார்த்தேன்.

அவர் காதில் விழுந்திருந்தது. கால் கட்டைவிரல்கள் விறைத்து நின்றன. ஒரு கை மெதுவாக மேலே வந்து, கண்மேல் கிடந்த ஈரத்துணியை வாய் வரைக்கும் இழுத்து மூடியது.

டீச்சர் மாடத்தி என்று கூப்பிட்டார். அவள் எழுந்தாள். மூடிய முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"ரொம்ப எரியுதோ? பாவம். ஒங்க வீட்டுக்காரராக்கா?"

"யாருன்னு தெரியலையேம்மா."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

அவள் அடுத்த பெஞ்சில் படுத்தாள். அவள் கண்மேலும் ஈரத்துணி விழுந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள், தினமும் அந்த அறையில் இருக்கிற மாதிரி.

பிறகு அவர் சத்தமில்லாமல் எழுந்து நடந்தார். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் மூக்கிலிருந்து ஒழுகிச் சட்டை நனைந்தது. துடைக்கவில்லை.

பஸ்ஸில் நான் ஒன்றுதான் சொன்னேன். "நீங்க இனிமே அந்த ரூமுக்குப் போக வேண்டாம்."

அவர் கேட்டார். "அவகிட்டச் சொல்ல வேண்டாமா?"

நான் டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வாரம் முதுகுவலி என்று சொல்லி அவர் பெட்டி ஒட்டுகிற பக்கம் மாறிக்கொண்டார். அவர் இடத்துக்குப் புதிதாகச் சங்கிலிமுத்து என்பவர் வந்தார். புரட்டாசியில், ராத்திரி மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் அந்த அறை வெடித்தது. மாடத்தியும் சங்கிலிமுத்துவும் இறந்துபோனார்கள். விசாரணையில் காரணம் உராய்வு என்று எழுதினார்கள். இருக்கலாம்.

டீச்சர் இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் இன்னும் பெட்டிதான் ஒட்டுகிறார்.

அவருக்கு மூக்கு அன்றைக்கு பஸ்ஸிலேயே திறந்துகொண்டது. முன் சீட்டில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அவர் சட்டென்று தலையைத் தூக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த ரூமுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னேன்.