குன்றின் சாட்சி

அதிகாரிக்கு மதியத்துக்குள் விசாரணையை முடித்துவிடும் அவசரம். "அந்தக் குன்றுலதான் பழைய ஸ்ட்ரைக் நடந்துச்சுன்னு சொல்ல சாட்சி இருக்கா? இருந்தா குன்றை நினைவிடமா விட்டுடலாம். இல்லேன்னா கம்பெனிக்குச் சுரங்கம் தோண்ட அனுமதிதான்."

கடைசி பெஞ்சிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். "நான் இருந்தேன் சார். ஆறு வாரம், முந்நூறு பேர். மழையில நனைஞ்சுக்கிட்டே பாடுவாங்க. எனக்கும் சாப்பாடு போடுவாங்க. வாழ்நாள்லயே நான் சந்தோஷமா இருந்த நாளுங்க."

கம்பெனி வக்கீல் சிரித்தார். "சங்கத்து ஆளு வேற எப்படிப் பேசுவீங்க, பெரியவரே?"

"நான் சங்கத்துல எங்க இருந்தேன் தம்பி? உட்கார்ந்தவங்க பேரையெல்லாம் எழுதிக் கொடுக்க உங்க கம்பெனி அனுப்பின ஆளு நான்."

பெரியவரின் பையிலிருந்து பழைய நோட்டு ஒன்று மேசைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, இடம், பெயர்கள், அடியில் அன்றைய மேனேஜரின் கையெழுத்து.

அதிகாரி அனுமதிக் கடிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.