மானுக்கு விலத்திய கார்

முத்தலிப் இரண்டாவது நூலையும் இழுத்துக் கட்டியபோது, தேத்தண்ணித் தட்டோடு வந்த சீதேவி குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கார் முழுவதையும் கழற்றியாகிவிட்டது. கதவுகள் விறாந்தையில், சீற்றுகள் மாமரத்தின் கீழே. போர்ட்டிக்கோவில், மரக்கட்டைகளின் மேல் கிடந்தது பழைய ஒஸ்ரின் காரின் இரும்புச் சட்டம் மட்டும்தான். துறைமுகத்து உப்புக் காற்று தின்றது போக மிச்சம்.

உக்கிய இடங்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். ஆனால் ஒட்டிய பிறகு சட்டத்தை நிமிர்த்த ஏலாது. அதனால் கிண்ணியாவிலிருந்து வந்த வெல்டிங் முத்தலிப், சட்டத்தின் மூலைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, நிலத்தில் சோக்கால் புள்ளி போட்டு, மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்திருந்தார். இரண்டு நூலும் ஒரே நீளம் என்றால் சட்டம் நேர். இல்லையென்றால் எங்கேயோ அடி வாங்கியிருக்கிறது.

நூல் பிடிக்காமலே சீதேவிக்கு அது தெரியும்.

கல்யாணமான புதிதில் காசிநாதர் அவளுக்குக் கார் பழக்கினார். பெண்பிள்ளை சைக்கிள் ஓடினாலே ஊர் புதினம் பார்த்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர்ஸ் ஹில்லிலிருந்து இறங்கி, உள்துறைமுகக் கரையோரமாக அவள் ஓட்டுவாள். பக்கத்தில் இருக்கிற மனுசனுக்குப் பெருமை பிடிபடாது. முன்னுக்கு ஓடுவது கைவந்துவிட்டது. பின்னுக்கு எடுப்பதை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றிருந்தார்.

சீதேவிக்குத்தான் பொறுமை இருக்கவில்லை.

அவர் கந்தோர் வேலைக்குப் போயிருந்த நேரம் தானே காரைப் பின்னுக்கு எடுத்தாள். பிரேக் என்று நினைத்து மிதித்தது அக்சிலேற்றரை. கேற்றுத் தூணின் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவன் ரஞ்சன், அவருடைய தம்பி. அண்ணியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான். மான்கள் திரிகிற கோட்டை வாசலில் ஒன்று குறுக்கே பாய்ந்ததாம், அதற்கு விலத்தப் போய்ப் பின்பக்கம் மதகில் அடிபட்டதாம். கதை ரெடி.

இருட்டுப்பட்ட பிறகு வீட்டுக்கு வந்த காசிநாதர், தம்பியைப் பேசிய பேச்சு தெருக்கோடி வரை கேட்டது. சீதேவி கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். விடிய எழும்பிப் பார்க்க, தூணின் மூலை பூசி மெழுகிக் கிடந்தது. ரஞ்சன் கெட்டிக்காரன், அவருடைய கண்ணில் படமுதல் அலுவலை முடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னாள். பயமெல்லாம் இல்லை, வெட்கம்.

கார் அன்றிலிருந்து நண்டு மாதிரிச் சரிந்தே ஓடியது. யார் ஏறினாலும், தம்பி மானுக்கு விலத்தின கதையைக் காசிநாதர் சொல்லிச் சிரிப்பார். கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்கும்போதெல்லாம் ரஞ்சனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சொல்லிவிட வேண்டும் என்று சீதேவி வாயெடுப்பாள். வாய் வராது.

போன ஆடியில் ரஞ்சன் அங்கேயே கண்ணை மூடிவிட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு காசிநாதர் அந்தக் காரில் கைவைத்தார்.

செத்துப்போனவனின் தலையில் இன்னும் தன்னுடைய பிழை கிடக்கிறதே என்று சீதேவிக்கு நித்திரை இல்லை. இரும்பு சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்குத் தேத்தண்ணியோடு வந்தாள்.

முத்தலிப் முந்திவிட்டார்.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரி இது மதகுல பட்ட வளைவில்ல. நேர பின்னுக்கு எடுத்து, தூணொண்டுல குத்தியிருக்கு."

சீதேவி தட்டோடு இரண்டு எட்டு முன்னுக்கு வைத்தாள்.

காசிநாதர் நிமிரவில்லை. குந்தியிருந்து நூலின் நுனியைப் பிடித்தபடியே சொன்னார்.

"ஓம், தெரியும். கேற்றுத் தூண்தான். நானும் தம்பியும் சேர்ந்துதான் ராவோடராவாச் சீமெந்து பூசினனாங்கள்."

சீதேவிக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருசமாக அவள் தின்ற சோற்றிலும் கிடந்த நித்திரையிலும் கலந்திருந்த ஒன்றை, அண்ணனும் தம்பியும் அன்றைக்கே சாந்தோடு சாந்தாகக் குழைத்து முடித்திருக்கிறார்கள். அவள் தட்டை வாங்குப் பலகையில் வைத்த வேகத்தில் தேத்தண்ணி சிந்தியது. முத்தலிப் தகடு பார்க்கப் போவதாக மாமரத்துப் பக்கம் நழுவினார்.

"அப்ப என்னத்துக்கு அந்தப் பிள்ளையை அப்பிடிப் பேசினீங்கள்?"

காசிநாதர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். பிடிபட்டவர் அவர்தான் என்பதுபோல இருந்தது முகம். நூலை நிலத்தில் விட்டார்.

"அவன்தான் பேசச் சொன்னவன். கேற்றடியிலயே எல்லாத்தையும் சொல்லிப்போட்டு, 'அண்ணி கதவுக்குப் பின்னால நிண்டு கேப்பா, நல்லாச் சத்தமாப் பேசுங்கோ அண்ணை. உங்களுக்குத் தெரியாதெண்டு நம்பினாத்தான் அவ நாளைக்கும் காரை எடுப்பா' எண்டவன்."