சஜினின் புலிச்சிலந்தி

"அங்கிள், இது சஜின் வளர்த்த சிலந்தி இல்லை."

லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அஸ்வதி சொன்னாள். சாயாத் தம்ளரோடு வந்த சஜினின் அம்மா கிளாரா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சஜின் பைக் விபத்தில் போய் நாலு வருடம். அவனோடு விலங்கியல் படித்தவள் அஸ்வதி. ரப்பர் மரப் பொந்திலிருந்து அவன் பிடித்து வந்த புலிச்சிலந்தி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவன் பெயரைப் போட்டு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத நாகர்கோவிலிலிருந்து திருவட்டாறுக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

வருடத்துக்கு ஒரு தடவை அது உரித்துப் போட்ட தோல்கள் தனித்தனிக் கவரில், தேதியோடு இருந்தன. முதல் கவரில் சஜினின் கையெழுத்து. மற்ற மூன்றிலும் அவன் அப்பா மரியஜானின் கையெழுத்து.

"மேலே பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். அடிப்பக்கம்தான் வித்தியாசம். சஜின் எடுத்து வச்ச தோலும், பெட்டியில இருக்கிற இதுவும் ஒரே இனம் இல்லை. ஏன் அங்கிள் அதே சிலந்திதான்னு பொய் சொன்னீங்க?"

மரியஜான் தலையைக் குனிந்துகொண்டார்.

மகன் போன பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால்தான் உட்காருவார். கரப்பான் ஒன்றைப் பிடித்துப் போடுவார். "இஞ்ச வந்து பாருட்டி, தின்னுது" என்று கிளாராவைக் கூப்பிடுவார். அந்த ஒரு நேரம்தான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும்.

அதனால்தான் போன வருடம் அது காலெல்லாம் மடங்கிச் செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் கிளாரா பயந்துபோனாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். அழுதுகொண்டே அதை வாழை மூட்டு மண்ணில் புதைத்தாள். சிலந்தி என்றாலே நாலு எட்டு தள்ளி நிற்பவள், அன்றைக்கு டப்பாவோடு மரம் மரமாகத் தேடி, அதே போல ஒன்றைப் பிடித்து வந்து பெட்டியில் விட்டாள். பாவசங்கீர்த்தனத்தின்போதும் அதைப் பாதிரியாரிடம் சொல்லவில்லை.

இப்போது செய்யாத தப்புக்கு அவர் தலைகுனிந்து நிற்கிறார்.

கிளாரா தம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"அவரக் கேக்காத மக்கா. அவருக்கு ஒண்ணும் தெரியாது. சஜினுக்க சிலந்தி போன வருசம் செத்துப்போச்சு. அவரு தாங்கமாட்டாருன்னு நான்தான் வேற ஒண்ணப் பிடிச்சு வச்சேன்."

மரியஜான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அஸ்வதி குழப்பத்தோடு மற்ற மூன்று கவர்களையும் பிரித்தாள். ஒவ்வொரு தோலாக லென்ஸுக்குக் கீழே வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இல்லையே ஆன்ட்டி. இந்த மூணும் ஒரே இனந்தான். ஆனா சஜின் வச்சிருந்த இனம் இல்லை. பெட்டியில இருக்கிறது இந்த ரெண்டுலயும் சேராத வேற இனம். இந்தப் பெட்டியில மொத்தம் மூணு சிலந்தி இருந்திருக்கு."

கிளாரா மாற்றியது ஒரே ஒரு தடவை.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனை அடக்கம் பண்ணின மறு மாசமே அது போச்சு," என்றார் மரியஜான், மெதுவாக. "நீ அதயும் தாங்கமாட்டன்னு நெனச்சேன்."