ஒரே ஓட்டு

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு என் மனைவி இசக்கித்தாயை நான்தான் நிறுத்தினேன். முத்துராணியிடம் ஒரே ஓட்டில் தோற்றாள். அதற்கும் காரணம் நான்தான். வாக்குச்சீட்டில் முத்திரை குத்தியதோடு நிற்காமல், ஆசையில் 'வெற்றி நமதே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். செல்லாது என்றுவிட்டார்கள்.

பதவியேற்புக்காகத் திருநெல்வேலி டவுனில் எனக்குத் தைத்த வெள்ளைச் சட்டை கொடியில் ஆடியது.

"உன்னையக் கவுத்துட்டேனே இசக்கி!" என்று அழுதேன்.

"அழாதிய. என் ஓட்டே முத்துராணிக்குத்தான்."

அழுகை நின்றுவிட்டது. பதினெட்டு வருடம் கூடவே இருந்தவளை முதல்முறையாக அண்ணாந்து பார்த்தேன்.

"ஏம்ட்டி அப்படிச் செஞ்ச?"

"நான் ஜெயிச்சா நாற்காலியில நீங்கள்லா உக்காருவிய. அவ ஜெயிச்சா அவளே உக்காருவா."