குங்குமம் மூடிய தோட்டா

உக்கடத்துப் பட்டறையில் ஷைலா சுத்தியலை ஓங்கியபடி நிற்கிறாள். மேசையில் தொண்டாமுத்தூர் கிருபாசங்கர் பழுதுபார்க்கக் கொண்டுவந்த குடும்பத்துத் தோல் தோட்டா பெல்ட் கிடக்கிறது. துருப்பிடித்த ரிவிட்டைக் கழற்றிய துளையில் புதுப் பித்தளை ரிவிட் நிற்கிறது; ஒரே அடி பாக்கி. அதையொட்டி, முனை மறைய மூடிய தோல் வாரில் செருகிய ஒரு தோட்டா இறுகிப்போய்க் கழல மறுக்கிறது. அதன் அடிப்புறத்தில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடையாகக் காய்ந்திருக்கின்றன. "வெடிச்ச கூடுதானுங்க அம்மணி, சும்மா அடிங்க," என்கிறார் கிருபாசங்கர். வெடித்ததென்றால் அடிவட்டத்தின் நடுவே துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இருக்க வேண்டும். ஷைலா விரல்நுனியால் மெல்லத் துடைக்கிறாள். குங்குமம் உதிர, பித்தளை வழவழவென்று மின்னுகிறது. சுத்தியலை ஓசைப்படாமல் கீழே வைக்கிறாள். "பள்ளமே இல்லீங்க. இது இன்னும் வெடிக்கவே இல்ல." கிருபாசங்கரின் கை மேசை விளிம்பைப் பற்றுகிறது. "தீபாவளிக்கு எம்பட புள்ள இத இடுப்புல கட்டிட்டுத்தானுங்க பட்டாசு உட்டாளே."