அறுபத்தாறு சென்டிமீட்டர்

“எடு ஜாந்திரா. எல்லாரும் எடுத்தாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி.”

ஒஸ்மார் பீன்ஸ் வேகவைக்கும் பெரிய பாத்திரத்தை நீட்டினார். அடியில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. ஜாந்திரா அவர் முகத்தைப் பார்க்காமல் எடுத்துப் பிரித்தாள்.

“இருபத்துநாலு.”

“அட, இந்தக் கொட்டகைக்கு அடுத்த வீடு,” என்றாள் பக்கத்தில் நின்ற மரினால்வா. “ரோட்டுக்கும் பக்கம். வளைவு தாண்டிக் கீழே இறங்க வேண்டாம். அதிர்ஷ்டக்காரிடி நீ.”

“ஆமா, கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டுது. என் புருஷன் வாசல்ல உக்காந்து வீட்டை எட்டிப் பாத்துக்கட்டும்.”

சாவோ பாவ்லோ நகரத்தின் ஓரத்தில் அந்த மலைச்சரிவை அரசு கொடுத்தது. செங்கல்லும் சிமெண்டும் கொடுத்தது. கட்டியது இருபத்துநாலு குடும்பங்கள், இரண்டு வருஷமாக, ஞாயிறுதோறும், சல்லிக்காசு கூலியில்லாமல். எந்த வீடு யாருக்கு என்பது கட்டி முடித்தபின் சீட்டுப் போட்டால்தான் தெரியும். தன் வீட்டுக்கு மட்டும் கலவையை நல்லதாகப் போட்டுக்கொள்ள யாருக்கும் வழியில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாடுதான் ஜாந்திராவின் வயிற்றில் அடித்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன் எடிவால்டோ, பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவனுடைய சக்கர நாற்காலியின் அகலம் அறுபத்தாறு சென்டிமீட்டர். வரைபடத்தில் கதவுகளோ அறுபது. வாசலில் மூன்று படி வேறு.

கதவு நிலைகள் வைக்கும் முன்பே ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டாள். “ஒரே ஒரு வீட்டை இப்பவே என் பேருக்கு எழுதிடுங்க. அதுல மட்டும் கதவை அகலமா வெச்சுக்கறேன்.”

சங்கத் தலைவர் ஒஸ்மார் தரையைப் பார்த்தபடி சொன்னார். “முன்கூட்டியே பேர் போட்டா சிமெண்டை நிறுத்திடுவாங்கம்மா. அத்தனை குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும்.”

ஓட்டுக்கு விட்டார்கள். அவளுக்காக ஒரு கை எழவில்லை. மரினால்வாவின் கைகூட மடியிலேயே கிடந்தது.

அன்று புருஷனைக் கவனிக்க ஆஸ்பத்திரிக்குப் போனவள் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வேலையையும் மரினால்வாவே சேர்த்துச் செய்தாள். இரண்டு தடவை பார்க்க வந்தவள், “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி,” என்று ஆரம்பித்தாள். “வீட்டுப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடு,” என்று ஜாந்திரா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது அவள் எடிவால்டோவின் நாற்காலியை இருபத்துநாலாம் வீட்டுக்கு வேண்டாவெறுப்பாகத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

“ஆறு சென்டிமீட்டர்தானே,” என்றான் எடிவால்டோ. “எண்ணெய் தடவி உள்ளே சொருகிடு.”

“சும்மா இருய்யா. எனக்கு அழுகை வருது.”

வாசலில் படியைக் காணோம். சக்கரம் வழுக்காதபடி கோடு கோடாகக் கீறிய சிமெண்ட் சாய்தளம் இருந்தது. நாற்காலி சிரமமில்லாமல் ஏறியது. கதவுக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் மிச்சம். குளியலறைக் கதவும் அப்படியே. உள்ளே சுவரில், பிடித்து எழுந்திருக்க ஓர் இரும்புக் கம்பி பதித்திருந்தது. எடிவால்டோ அதை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

ஜாந்திரா தேம்பித் தேம்பி அழுதாள். பின்னாலேயே வந்து நின்ற ஒஸ்மாரை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களையெல்லாம் எப்படித் திட்டிக்கிட்டிருந்தேன். ஒரு வீட்டுல மட்டும் ரகசியமா செஞ்சு வெச்சிருக்கீங்க. அது எனக்கே விழுந்திடுச்சு. வேற யாருக்காவது விழுந்திருந்தா என்னண்ணே பண்ணியிருப்பீங்க?”

ஒஸ்மார் தலையைச் சொறிந்தார். “அதே பயம்தாம்மா எங்களுக்கும். அந்தச் சமையல்கட்டு ஜன்னலைத் திற.”

திறந்தாள். கீழே வளைந்து இறங்கும் தெரு, முதல் வீடுவரைக்கும் தெரிந்தது. ஓடியாடிப் படியேறக்கூடிய அந்த இருபத்துமூன்று குடும்பங்களின் வாசலிலும் அதே அகலக் கதவு, அதே சாய்தளம்.