காதுக்கு எண்பது

கார் தெருமுனையில் திரும்பும்போதே அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

"வந்துட்டாரு துரை! ஊரையே எழுப்பிக்கிட்டு வர்றாரு பாரு!"

பையன் சாவியைச் சுழற்றியபடி உள்ளே வந்தான். அப்பா வாசலிலேயே மறித்தார்.

"நாளைக்கே அந்தக் கண்றாவியைக் கழட்டு. கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? அவன் ஒழுங்கா கொடுத்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கடாசிட்டு, ஒரு புனலை மாட்டிக்கிட்டு வந்திருக்கே!"

"அது புனல் இல்லப்பா. ஸ்போர்ட்ஸ் ஃபில்டர். என்ஜின் நல்லா மூச்சு விடும்."

"என்ஜின் மூச்சு விடுது. தெருவுல வேற எவனும் மூச்சு விட முடியல!"

"கழட்ட முடியாது. கழட்டித்தான் ஆகணும்னா நான் வீட்டை விட்டே கிளம்பிடறேன்."

"தாராளமா கிளம்பு. ஆனா வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போ. நாலு பேர் தூங்கணும்!"

புனல் வந்த நாளிலிருந்து இதே கூத்து. அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், நடுவில் அம்மா மத்தளம்.

அவளுக்குச் சத்தத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பையனுக்கு வேகம் என்றால் பைத்தியம். ஒருநாள் பக்கவாட்டுக் கண்ணாடி இல்லாமல் கார் வீடு வந்து சேர்ந்தது. எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, "அதுவா விழுந்துடுச்சும்மா" என்றான். அன்றிலிருந்து அவன் வீடு திரும்பும்வரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. இப்போது புலி உறுமுவதுபோல் ஒரு சாமானை வேறு மாட்டியிருக்கிறான். இன்னும் என்ன வேகம் போகிறானோ!

மறுநாள் பையன் ஆயில் மாற்றுவதற்காகக் காரை ஷெட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று அம்மா நேரே ஷெட்டுக்கு நடந்தாள்.

"வாங்கக்கா, வாங்க. என்ன இவ்வளவு தூரம்?" மெக்கானிக் பானெட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான்.

"ஒண்ணும் பேசாதே. உன்னை நல்லவன்னு நினைச்சேன். சின்னப் பையன் கேட்டா எதை வேணும்னாலும் மாட்டி விட்டுடுவியா? ஒத்தைப் பிள்ளை தம்பி. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"அக்கா, அது வந்து..."

"பழைய டப்பா உன்கிட்டதானே இருக்கு? சாயங்காலம் அவன் வர்றதுக்குள்ளே அதை மாட்டிடு. கேட்டான்னா, அம்மா வந்து ஒத்தைக் கால்ல நின்னாங்கன்னு சொல்லு."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மாட்டிடலாம்க்கா. ஆனா அதை மாட்டினா வண்டி இதைவிட வேகமாப் போகும். பரவாயில்லையா?"

"என்னது?"

"இங்க பாருங்க. கம்பெனி டப்பா வெளியில இருந்து குளிர்ந்த காத்தை இழுக்கும். அதுதான் என்ஜினுக்குத் தெம்பு. இந்தப் புனல் மூடியில்லாம திறந்து கிடக்குதா? பக்கத்துல கொதிக்கிற சூட்டையே உறிஞ்சிக்கும். இழுவை குறையும். வர்றதெல்லாம் சத்தம்தான்."

"அப்புறம் ஏன் அவன் இதைப் போய் வாங்கினான்?"

"அவன் கேட்டு வந்தது வேற. நீளமா ஒரு குழாய் வரும். அதைப் போட்டா நிஜமாவே பிச்சுக்கிட்டுப் போகும். நான் இதை மாட்டி, 'ஒரு தடவை மிதிச்சுப் பாரு'ன்னேன். அந்தச் சத்தத்துலயே ஆள் சொக்கிட்டான். இப்ப ஐம்பதுல போனாலே பறக்கிற மாதிரி இருக்கும் அவனுக்கு. காதுக்கு எண்பது, மீட்டருக்கு ஐம்பது. போன வாரம் அவன்கூட ஒரு ரவுண்டு போனேன். ஸ்கூட்டர்ல காய்கறிப் பையோட போன அம்மா ஒருத்தங்க எங்களைத் தாண்டிப் போறாங்க. இவன் என்கிட்ட, 'பயமா இருக்காண்ணே'ங்கிறான்!"

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, வந்ததும் வராததுமா உன்னைப் போட்டு வறுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதே. பெத்த எங்களுக்குத் தோணல, உனக்குத் தோணியிருக்கு பாரு."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா விடவில்லை.

"ஆனா அந்த மனுஷன் இதைக் கழட்டாம ஓய மாட்டாரே! ரெண்டு பேரும் மூஞ்சி கொடுத்துப் பேசியே எத்தனை நாளாச்சு தெரியுமா? நான் சொன்னா எங்க கேக்கிறாரு? ஷெட்டைப் பூட்டிட்டு அப்படியே வீட்டுக்கு வந்து, இந்தக் காத்து, சூடு எல்லாத்தையும் நீயே அவருக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லிடு."

"யாருக்கு, சாருக்கா?" மெக்கானிக் சிரித்தேவிட்டான். "அக்கா, உங்க பையன் இங்க வர்றதுக்கு முன்னாடியே சார் வந்துட்டாரு. 'சத்தம் மட்டும் ஏறணும், வேகம் ஏறக் கூடாது. அப்படி ஏதாவது இருந்தா அவன் தலையில கட்டிடுப்பா'ன்னு சொல்லிட்டுப் போனதே அவர்தான்!"

அம்மா காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்படின்னா வீட்டுல எதுக்கு அந்தக் கத்து கத்துறாரு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் வேண்டாம்னு கத்துற வரைக்கும்தான்யா அவன் அதைக் கழட்டாம வெச்சிருப்பான்'னாரு."